மாரடைப்பும் மாத்திரை நான்கும்

திருவனந்தபுரத்தில் தமிழ்க்குரல் கேட்க விழைவோர் களியக்காவிளை எல்லை வரை செல்ல வேண்டுவதில்லை. சாலைக் கடைத்தெரு வழியே நடந்து, ஆரியசாலைச் சந்திப்பில் சற்று நேரம் நின்றால் போதும். திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய இராசா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்த அங்காடி அது. அரிசியும் மிளகாயும் வெல்லமும் மலரும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் அங்கே வந்திறங்கின. சரக்கோடு மனிதரும் வந்தனர். நவராத்திரிதோறும் வேளிமலைக் குமரனும் ஊர்வலமாக வந்து ஆரியசாலைத் தேவி கோவிலில் தங்குகிறான். விழா முடிந்ததும் அவன் தன் மலைக்குத் திரும்பிவிடுகிறான். நம்மவருள் பலர் திரும்பவில்லை. என் தந்தையாரும் அப்படித் திரும்பாதவருள் ஒருவர். பத்து வயதில் அவர் கைபிடித்து வந்த நானும் இந்நகரத்து மாணவன் ஆகிவிட்டேன்.

அத்தெருவில் அன்றாடம் விலைவாசி பேசுவர், அரசியல் பேசுவர். இப்போது மருந்துப் பெயரும் பேசுகின்றனர். மாரடைப்பு வந்து பிழைத்தவர் தெருவுக்குச் சிலராவது இருக்கின்றனர் அல்லவா? அண்மையில் ஒரு மாலை, தேநீர்க் கடையில் இரண்டு மளிகைக்கடை அண்ணாச்சிகள் என்னைப் பிடித்துக்கொண்டனர்.

"தம்பி, நீ சயின்ஸு படிக்கிற பிள்ளதான? எனக்கு எழுதித் தந்த மாத்திரை ஒண்ணு, இவியளுக்கு எழுதித் தந்தது வேற ஒண்ணு. ரெண்டு பேருக்கும் வந்தது ஒரே நோவு. இதுல எது ஒசத்தி?" என்றார் ஒருவர்.

மற்றவர் குரலைத் தாழ்த்தி, "என் மாத்திரைக்கு வெல கூடுதல். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டதுலேருந்து மூச்சும் ஒரு மாதிரியா இருக்கு. ராத்திரி மாத்திரைய மட்டும் விட்டுட்டா என்ன?" என்றார்.

நான் மருத்துவன் அல்லேன். உயிர்வேதியியல் முதுகலை பயில்பவன். "உங்க டாக்டரக் கேக்காம ஒண்ணையும் விட்டுராதீங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி வந்தேன். ஆயினும் அவர்கள் கேட்டவை வெறும் தேநீர்க்கடைக் கேள்விகள் அல்ல. உலகத்து மருத்துவ அறிஞர் நாற்பதாண்டுகளாக, இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு ஆராய்ந்துவரும் கேள்விகள் அவை. அவற்றுக்கு அறிவியல் தரும் விடையை நம் மன்றத்து நண்பர்களுக்கு இங்கே கூற முயல்கிறேன். 'எது உயர்ந்தது?' என்று கேட்பதைவிட, 'எவருக்கு, எந்நிலையில், எது?' என்று கேட்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் சுருக்கம்.

தட்டுகளின் தொழில்

நம் குருதியில் செவ்வணுக்களும் வெள்ளணுக்களும் மட்டுமன்றி, அவற்றினும் சிறிய தட்டுகளும் மிதந்து செல்கின்றன. பிளேட்லெட் என்று நாம் ஆய்வுக்கூடச் சீட்டுகளில் காண்பவை இவையே. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இவை இருக்கும். ஒவ்வொரு தட்டின் வாழ்நாளும் ஏழு முதல் பத்து நாள்தான். இவற்றுக்கு உட்கரு இல்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

காய் நறுக்கும்போது கத்தி விரலைக் கிழித்தால், சிறிது நேரத்தில் குருதி தானே நின்றுவிடுகிறதே, அது எவ்வாறு? கிழிந்த இடத்தில் முதலில் சில தட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய தட்டுகள் சும்மா இருப்பதில்லை. மற்றவற்றைக் கூவி அழைக்கின்றன. சாலையில் சரக்கு லாரி வந்து நின்றதும் முதலில் கண்ட தொழிலாளி குரல் கொடுக்க, நாலாபுறமிருந்தும் தோழர்கள் ஓடிவருவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோன்ற செயல்தான் இதுவும். தட்டுகள் கொடுக்கும் குரல்களுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று, துரோம்பாக்சேன் என்னும் பொருள். மற்றொன்று, ஏ.டி.பி. என்னும் பொருள். இக்குரல்களைக் கேட்ட தட்டுகள் உருமாறி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகின்றன. அக்கட்டியின் மேல் ஃபைப்ரின் என்னும் புரத நூல்கள் வலைபோலப் பின்னி இறுக்குகின்றன.

விரலில் இது நன்மை. இதயத்தில் இதுவே தீமை. இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புத் திட்டுகள் வளர்கின்றன. ஒருநாள் அத்திட்டுகளுள் ஒன்று வெடிக்கிறது. தட்டுகளுக்குக் கத்திக் காயமும் கொழுப்பு வெடிப்பும் ஒன்றே. வழக்கம்போல் ஓடிவருகின்றன, கூவுகின்றன, கூடுகின்றன, கட்டியாகின்றன. தமனியின் உள்வழியோ சில மில்லிமீட்டரே அகலம் உடையது, அடைபட்டுப் போகிறது. அடைப்புக்கு அப்பாலுள்ள தசை உயிர்க்காற்றின்றி மடியத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு.

இதனைத் திறக்க இருவழிகள் உள்ளன. ஸ்ட்ரெப்டோகைனேசு போன்ற ஊசிமருந்தால் ஃபைப்ரின் வலையைக் கரைப்பது ஒன்று. மெல்லிய குழாயை உட்செலுத்திப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்னும் வலைக்குழலைப் பொருத்தும் ஆஞ்சியோபிளாஸ்டி மற்றொன்று. எவ்வழியில் திறந்தாலும் தட்டுகளின் வேலை ஓய்வதில்லை. வலை கரைந்த இடத்தில் மீண்டும் கூடுகின்றன. உலோகக் குழலையும் அயற்பொருளென்று கண்டு சூழ்கின்றன. எனவே தட்டுகளை அடக்கும் மாத்திரைகள் இரண்டு வழிகளுக்கும் இன்றியமையாதவை.

இவற்றை மக்கள் 'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து' என்பர். குருதி இவற்றால் நீர்த்துப் போவதில்லை. தட்டுகள் ஒன்றுகூடுவது மட்டுமே குறைகிறது. இதே பெயரால் மக்கள் சொல்லும் வார்ஃபரின் முற்றிலும் வேறு மருந்து. நம் நகரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கி, 1990-ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய செயற்கை இதய வால்வைப் போன்றவற்றை உடையோர் அதனை உண்பர். அது குருதியின் உறைபுரதங்கள் மேல் செயற்படுவது. ஒருவர் மாத்திரையை மற்றவர் வாங்கி உண்பது எத்துணைப் பேதைமை என்பதற்கு இவ்வேறுபாடு ஒன்றே சான்று.

முதல் மாத்திரை: ஆஸ்பிரின்

நான்கு மாத்திரைகளுள் மூத்தது ஆஸ்பிரின். 1897-ல் செருமனியின் பேயர் நிறுவனத்தில் தூய வடிவில் ஆக்கப்பட்டது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் உலகெங்கும் விற்றது. கலிபோர்னியாவில் கிரேவன் என்னும் மருத்துவர், ஆஸ்பிரின் கலந்த மெல்லும் பசையை உண்டவர்க்குத் தொண்டை அறுவைக்குப்பின் குருதி மிகுதியாகக் கசிவதைக் கண்டார். கசிவை மிகுவிப்பது அடைப்பைத் தடுக்குமன்றோ என்று எண்ணி, நடுவயது ஆடவர்க்கு அதனைக் கொடுத்துப் பார்த்து 1950-ல் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து உண்ணாத குழு அவரிடம் இல்லாமையால், உலகம் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. 1971-ல் இங்கிலாந்தின் ஜான் வேன், ஆஸ்பிரின் செயற்படும் முறையைக் கண்டறிந்தார். 1982-ல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

துரோம்பாக்சேனை ஆக்குவதற்குத் தட்டுக்குள் ஒரு நொதி உண்டு. ஆஸ்பிரின் அந்நொதியில் ஒட்டி, அதனை நிலையாக முடக்கிவிடுகிறது. மற்ற உயிரணுக்களாயின் புதிய நொதியை ஆக்கிக்கொள்ளும். தட்டுக்கோ உட்கரு இல்லை; புதிய நொதிக்கான வரைவும் அதனிடம் இல்லை. ஆகவே ஒருமுறை முடங்கிய தட்டு, தன் வாழ்நாள் முழுதும் அக்குரலை எழுப்ப இயலாது. நாள்தோறும் புதியனவாகப் பிறக்கும் தட்டுகளை முடக்க நாளுக்கு ஒரு சிறு மாத்திரை போதும். சில மணி நேரமே குருதியில் தங்கும் மருந்து நாள் முழுதும் வேலை செய்வதன் மருமம் இதுவே.

மாரடைப்பில் இதன் பயனை ஐயமற நிறுவியது ஐசிஸ்-2 என்னும் பேராய்வு, 1988-ல் வெளியாயிற்று. 417 மருத்துவமனைகளில் 17,187 நோயாளர் பங்கேற்றனர். குலுக்கல் முறையில் சிலருக்கு ஆஸ்பிரின், சிலருக்கு ஸ்ட்ரெப்டோகைனேசு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மருந்து கொடுக்கப்பட்டது. ஐந்து வாரங்களில் இரண்டும் பெறாதோரில் நூற்றுக்கு 13.2 பேர் இதய, குருதிக்குழாய்க் காரணங்களால் இறந்தனர். இரண்டும் பெற்றோரில் நூற்றுக்கு 8.0 பேரே இறந்தனர். ஆஸ்பிரின் மட்டுமே அவ்வகை இறப்பை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. நாளொன்றுக்கு 162.5 மில்லிகிராம், ஒரு மாதம், அவ்வளவே. மிட்டாய் விலையில் கிடைக்கும் பொருள் இத்தனை உயிர் காக்கும் என்பது வியப்பன்றோ?

ராசி பார்த்த ஆய்வு

இவ்வாய்வில் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. பயன் இன்ன வயதினருக்கு எவ்வளவு, இன்ன வகையினருக்கு எவ்வளவு என்று கூறுபடுத்திக் காட்டுமாறு ஆய்வாளர் கேட்கப்பட்டனர். சிறுசிறு கூறுகளாக வெட்டினால் தற்செயலே உண்மை போலத் தோன்றும் என்று உணர்ந்த அவர்கள், நோயாளரைப் பிறந்தநாளால் பன்னிரண்டு ராசிகளாகவும் பிரித்துக் காட்டினர். மிதுன ராசியினர்க்கும் துலா ராசியினர்க்கும் ஆஸ்பிரின் பயன்படவில்லை, சற்றே தீங்கும் செய்தது போல் கணக்கு வந்தது! மற்றைப் பத்து ராசியினர்க்கோ பெரும்பயன். இதனை எவரும் நம்பலாகாது என்பதற்காகவே அதனை அச்சிட்டனர்.

பஞ்சாங்கம் தொங்காத கடை இல்லாத தெருவில் வாழும் எனக்கு இது மிகவும் பிடித்த பாடம். 'எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அம்மருந்து ஒத்துவரவில்லை' என்பதைக் கொண்டு மருந்தை எடைபோடுவது ராசி பார்ப்பதினும் மேலானதன்று. பெருந்தொகை நோயாளர், குலுக்கல் முறை, முன்பே வகுத்த கேள்வி ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

இரண்டாம் மாத்திரை: குளோபிடோக்ரெல்

ஆஸ்பிரின் ஒரு குரலைத்தான் அடக்கும். ஏ.டி.பி. என்னும் மற்றைக் குரலைக் கேட்கும் செவியொன்று தட்டின் மேல் உண்டு. அச்செவியை அடைப்பவை மற்றை மூன்று மாத்திரைகளும். இவை ஆஸ்பிரினுக்கு மாற்றாக வந்தவை அல்ல. அதனோடு துணையாகக் கொடுக்கப்படுபவை. அண்ணாச்சிகள் இருவரும் தம் மாத்திரைகளை ஒப்பிட்டபோது, இருவர் சீட்டிலும் ஆஸ்பிரின் இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை!

இவ்விரட்டை மருந்தின் பயனைக் காட்டியது 2001-ல் வெளியான கியூர் ஆய்வு. ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. கோடு உயராத வகை நோயாளர் 12,562 பேரில், இதய இறப்பு, மறுமாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 11.4-லிருந்து 9.3 ஆகக் குறைந்தது. பெருங்கசிவு சிறிது மிகுந்தது. எஸ்.டி. கோடு உயர்ந்த பெருமாரடைப்புக்கு 2005-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. கரைப்பு ஊசி பெற்ற 3,491 பேரிடம் செய்த கிளாரிட்டி ஆய்வில், குளோபிடோக்ரெல் சேர்த்தவர்க்குத் தமனி திறந்தே இருப்பது மிகுந்தது. சீனத்தில் 1,250 மருத்துவமனைகளில் 45,852 பேரிடம் செய்த கமிட் ஆய்வில், இறப்பே நூற்றுக்கு 8.1-லிருந்து 7.5 ஆகக் குறைந்தது. ஆயிரத்துக்கு ஆறு பேர் என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். உலகில் மாரடைப்பு வருவோர் தொகையோடு பெருக்கிப் பார்த்தால் அது ஒரு நகரம்.

குளோபிடோக்ரெலுக்கு ஒரு குறை உண்டு. உண்ட வடிவில் அது செயலற்றது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதனைப் பதப்படுத்தினால்தான் செயல் பெறும். அந்நொதி பிறப்பிலேயே மந்தமாக அமைந்தவர் உளர். அவர்க்கு மருந்தின் வலிமை குறைகிறது. அம்மந்த வடிவம் ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் மிகுதி. மேலும், நம்மவர் வயிற்றெரிச்சலுக்குத் தாமே வாங்கி விழுங்கும் ஓமெப்ரசோல் மாத்திரையும் அதே நொதியைத் தடுக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து உண்பதைத் தவிர்க்குமாறு 2009-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆகவே 'வாயு மாத்திரை'யும் மருத்துவர் அறிய வேண்டிய மருந்தே. வயிற்றைக் காக்க ஏற்ற வேறு மாத்திரையை அவர் எழுதித் தருவார்.

மூன்றாவதும் நான்காவதும்

பிராசுக்ரெலும் கல்லீரலில் பதப்படுவதே. ஆனால் விரைவாகவும் எல்லாரிடத்தும் ஏறக்குறைய ஒரேவிதமாகவும் பதப்படும். 2007-ல் வெளியான ட்ரைட்டன் ஆய்வில், ஆஞ்சியோபிளாஸ்டிக்கென வந்த 13,608 பேரில், இதய இறப்பு, மறுமாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து குளோபிடோக்ரெல் உண்டவர்க்கு நூற்றுக்கு 12.1, பிராசுக்ரெல் உண்டவர்க்கு 9.9. வெற்றிதான். ஆயினும் பெருங்கசிவு 1.8-லிருந்து 2.4 ஆக உயர்ந்தது. முன்பு பக்கவாதம் வந்தவர்க்கு இது நன்மையினும் தீமையே செய்தது. அவர்க்கு இது விலக்கு. 75 வயது கடந்தவர்க்கும், 60 கிலோவுக்குக் குறைந்த எடையினர்க்கும் மிகுந்த விழிப்பு வேண்டும். மெலிந்த உடலினர் பலர் வாழும் நம் தெருவில் இவ்வெடைக் கணக்கு எத்துணை முக்கியமென்று சொல்ல வேண்டுவதில்லை.

டிகாக்ரெலார் வேறு குணம் உடையது. பதப்படுத்தக் கல்லீரலுக்காகக் காத்திராது. உண்ட வடிவிலேயே செயற்படும். மற்றவை செவியை நிலையாக அடைத்துவிட, இதுவோ வந்து ஒட்டிப் பின் விலகிக்கொள்ளும். ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் குருதியிலுள்ள அளவு பாதியாகிவிடும். அதனாலேயே இதனை நாளுக்கு இருமுறை உண்ண வேண்டும். இரவு மாத்திரையை விட்டுவிட எண்ணும் அண்ணாச்சிக்கு இதுவே விடை. ஆஸ்பிரினாயின் ஒருமுறை அடைத்த வாசல் தட்டின் ஆயுள் முழுதும் அடைத்ததே. டிகாக்ரெலாரோ முறைமாற்றிக் காவல் நிற்கும் காவலனைப் போன்றது. இரவுக் காவலன் வாராவிட்டால் விடியற்காலையில் வாசல் காவலின்றிக் கிடக்கும்.

2009-ல் வெளியான பிளேட்டோ ஆய்வில் 18,624 பேர் பங்கேற்றனர். ஓராண்டில் அதே மூன்று தீங்குகளும் குளோபிடோக்ரெல் உண்டவர்க்கு நூற்றுக்கு 11.7, டிகாக்ரெலார் உண்டவர்க்கு 9.8. எக்காரணத்தாலேனும் இறந்தோர் நூற்றுக்கு 5.9-லிருந்து 4.5 ஆகக் குறைந்தனர். ஆனால் மூச்சுத்திணறல் கண்டவர் நூற்றுக்கு 7.8-லிருந்து 13.8 ஆக மிகுந்தனர். அண்ணாச்சியின் 'ஒரு மாதிரியான மூச்சு' அவர் கற்பனை அன்று. இத்திணறல் பெரும்பாலும் இலேசானது. சிலநாளில் தணிவதும் உண்டு. ஆனால் இதயம் தளர்வதாலும் மூச்சு வாங்கலாம். எது காரணம் என்று பிரித்தறிய வேண்டியவர் மருத்துவர். தேவையாயின் அவரே மாத்திரையை மாற்றித் தருவார். தாமே நிறுத்துவதற்கும் அவர் மாற்றுவதற்கும் இடையே உள்ள தொலைவு, உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள தொலைவாகலாம்; ஏனெனில் ஸ்டென்ட் வைத்த சில மாதங்களில் மருந்தை நிறுத்தினால் குழலுக்குள்ளேயே கட்டி உறைந்து மீண்டும் அடைப்பு வரக்கூடும்.

இரண்டும் நேர்நின்றபோது

பிராசுக்ரெலுக்கு 9.9, டிகாக்ரெலாருக்கு 9.8, ஆகவே இரண்டும் சமம் என்று யாரேனும் கூறினால் அது தவறு. வேறு வேறு நோயாளர், வேறு வேறு காலம், வேறு வேறு ஆய்வு. நெல்லையில் ஓடியவனையும் கொல்லத்தில் ஓடியவனையும் கடிகாரத்தை மட்டும் வைத்து ஒப்பிட முடியுமா? ஒரே களத்தில் ஓடவிட வேண்டும். அதனைச் செய்தது 2019-ல் வெளியான ஐசார்-ரியாக்ட் 5. செருமனியிலும் இத்தாலியிலும் 4,018 பேரிடம் நடந்தது. இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஓராண்டில் டிகாக்ரெலார் குழுவில் நூற்றுக்கு 9.3, பிராசுக்ரெல் குழுவில் 6.9. டிகாக்ரெலாரே வெல்லும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு எதிர்விடையைத் தந்தது. கசிவிலும் பெரிய வேறுபாடில்லை. மருந்து இன்னதென்று நோயாளரும் மருத்துவரும் அறிந்தே நடந்த ஆய்வு என்பது அதன்மேல் கூறப்படும் குறை. எனினும் 2023-ல் ஐரோப்பிய இதயவியல் கழகம், ஆஞ்சியோபிளாஸ்டிக்குச் செல்வோரிடம் டிகாக்ரெலாரைவிடப் பிராசுக்ரெலை முன்வைக்கலாம் என்றே கூறியது.

அப்படியாயின் எல்லார்க்கும் பிராசுக்ரெலே கொடுத்துவிடலாமா? கூடாது. கரைப்பு ஊசி பெற்றவர்க்குத் தொடக்கத்தில் சான்றுள்ள துணை மருந்து குளோபிடோக்ரெலே. ஊசியே கசிவை மிகுவிப்பது. அதன்மேல் வலிமைமிக்க தட்டடக்கியை உடனே ஏற்றுவது இடர். 2018-ல் வெளியான ட்ரீட் ஆய்வு, 75 வயதுக்குட்பட்டவர்க்கு ஊசி போட்ட சில மணி நேரம் கழித்து டிகாக்ரெலாருக்கு மாற்றினாலும் பெருங்கசிவு மிகவில்லை என்று காட்டியது. ஆயினும் ஓராண்டில் தெளிவான மேன்மையும் தெரியவில்லை.

இப்போது அண்ணாச்சிகளின் முதற் கேள்விக்கு விடை எளிது. ஒருவர் ஊசி பெற்றவர். மற்றவர் நேரே ஆஞ்சியோபிளாஸ்டிக்குச் சென்றவர். நோய் ஒன்றாயினும் வழி வேறு. வழி வேறானதால் மாத்திரையும் வேறு. அதற்குமேல் வயது, எடை, முன்வந்த பக்கவாதம், வயிற்றுப்புண், சிறுநீரகத்தின் நிலை, பணப்பை ஆகிய அனைத்தையும் மருத்துவர் எடைபோடுகிறார். விலை மிகுந்த மாத்திரையை ஒருவேளை மட்டும் உண்பதினும், விலை குறைந்த மாத்திரையைத் தவறாது உண்பதே மேல். செலவு தாங்கவில்லையாயின் அதனை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதில் நாணம் எதற்கு? காருண்யா மருந்தகங்களும் மக்கள் மருந்தகங்களும் இருப்பது நம்மைப் போன்றவர்க்காகவே.

கேரளத்தின் கணக்கு

மருந்துகளுக்கிடையே உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஓரிருவர் என்று கண்டோம். இவற்றையெல்லாம் மிஞ்சும் ஒன்று உண்டு. அதனைக் காட்டுவது நம் கேரளத்து ஆய்வே.

2007 முதல் 2009 வரை, கேரளத்தின் 125 மருத்துவமனைகளில் திடீர் இதயத்தமனி நோயோடு சேர்ந்த 25,748 பேரின் விவரங்கள் தொகுக்கப்பட்டு, 2013-ல் வெளியாயின. அவர்களுள் நூற்றுக்கு 37 பேர் எஸ்.டி. கோடு உயர்ந்த பெருமாரடைப்பினர். தட்டடக்கி மருந்துகள் பெரும்பாலோர்க்குக் கிடைத்திருந்தன. ஆனால் பெருமாரடைப்பினருள் கரைப்பு ஊசி பெற்றவர் நூற்றுக்கு 41 பேரே. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குப்பின் வந்தவர்க்கு, மற்றவற்றைக் கணக்கில் கழித்த பின்னும், மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்புவீதம் இருமடங்குக்கு மேல் இருந்தது. வாசல் நுழைந்த முப்பது நிமிடத்துக்குள் ஊசி பெற்றவர்க்கு அது பெரிதும் குறைந்திருந்தது.

நண்பர்களே, இந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது? நம் தெருவில் நான் பலகாலும் கண்டது இது. நெஞ்சில் வலி என்றதும் 'வாயுப் பிடிப்பு' என்பர். சோடா வரும், இஞ்சிச்சாறு வரும், ஓமநீர் வரும். 'கடையை அடைத்துவிட்டுப் போகலாம்' என்பர். 'விடியட்டும்' என்பர். விடிவதற்குள் தசை மடிந்துவிடுகிறது. மடிந்த தசையை உயிர்ப்பிக்கும் மாத்திரை நான்கினுள் ஒன்றுமில்லை.

ஆகவே செய்யத்தக்கன இவை. நெஞ்சின் நடுவே அழுத்தமோ, இடக்கை தாடை தோள்பட்டைகளுக்குப் பரவும் வலியோ, வியர்வையோடு மூச்சுத்திணறலோ கண்டால் 108-ஐ அழைக்க வேண்டும்; அல்லது உடனே ஈ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ குருதிக்கசிவோ இல்லாதவரை, மருத்துவரோ ஆம்புலன்சுப் பணியாளரோ முழு ஆஸ்பிரின் மாத்திரையை மெல்லச் சொல்வர். விழுங்குவதைவிட மென்றால் விரைவாகக் குருதியில் சேரும். மாத்திரை தேடி நேரம் போக்கலாகாது.

பிழைத்து வீடு திரும்பியபின், இரட்டை மருந்து பொதுவாக ஓராண்டு. கசிவு அச்சம் உள்ளவர்க்கு மருத்துவர் காலத்தைக் குறைப்பார். அதன்பின் ஒன்று தொடரும். பல் பிடுங்குவதற்காகவும் தாமே நிறுத்தலாகாது. மலம் கருத்தாலும், குருதி கசிந்தாலும், மழைக்காலத்தில் டெங்கு போன்ற காய்ச்சல் வந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். டெங்குவில் தட்டுகள் குறையுமாதலால் இம்மருந்துகளை எவ்வாறு நடத்துவது என்று அவரே முடிவு செய்வார். மாரடைப்பு வாராதவர் 'முன்காப்பு' என்று கடையில் ஆஸ்பிரின் வாங்கி உண்பதும் நன்றன்று. 2018-ல் வெளியான ஆஸ்பிரீ ஆய்வில் நலமுடைய முதியோர் 19,114 பேரிடம் அது இதயநோயைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை, பெருங்கசிவையே மிகுவித்தது.

நம் கடமை

புலம்பெயர்ந்து வந்த தமிழர்க்கு இங்கே ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. மருத்துவமனையில் பேசுவது மலையாளம். சீட்டில் எழுதுவது ஆங்கிலம். உண்பவர் அறிந்தது தமிழ். மூன்று மொழிகளுக்கிடையே ஒரு மாத்திரை தவறி விழுந்துவிடுகிறது. காலை மாத்திரை இரவுக்குப் போகிறது. ஓராண்டு என்றது ஒரு மாதமாகிறது. ஒரே மருந்து இருவேறு வணிகப் பெயரில் வந்தால் இரண்டையும் உண்கின்றனர்.

மும்மொழியும் அறிந்தவர் யார்? நாம்தாமே! நம் மன்றம் ஆண்டுதோறும் பேச்சுப்போட்டியும் நாடகமும் நடத்துகிறது, மகிழ்ச்சி. அதனோடு இதனையும் செய்யலாம். நம்முள் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள ஒரு பெரியவரின் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, மருந்துக் கடையில் சரிபார்த்து, ஓர் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். மருந்தின் பெயர், எதற்காக, எந்த வேளை, எந்நாள் வரை, 'மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்' என்னும் ஒருவரி, கீழே 108 என்னும் எண். இதற்குப் பணம் வேண்டா, பட்டம் வேண்டா. அரைமணி நேரமும் அழகிய கையெழுத்தும் போதும்.

தாய்மொழியில் அறிவியல் வளரவேண்டும் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அது கலைச்சொல் அகராதியில் மட்டும் வளர்ந்தால் போதுமா? படுக்கையருகே சுவரில் ஒட்டிய அட்டையிலும் வளரட்டும். அங்கே வளரும் தமிழ் ஓர் உயிரையேனும் காக்கும்.